ஆடு இல்லாத ஞாயிற்றுக்கிழமை

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் வெயிலுகந்தம்மாளும் அவள் புருஷன் நல்லக்கண்ணுவும் சேர்ந்து ஒரே பஸ்ஸில் ஏறியது கிடையாது. சண்டையெல்லாம் இல்லை. ஆடு. கிடையில் ஆடு இருந்தால் அதோடு ஒரு ஆள் இருக்கணும். தம்பி கல்யாணத்துக்கு அவள் போனாள், அவன் ஆட்டோடு இருந்தான். அவன் அய்யா செத்த பதினாறாம் நாளுக்கு அவன் போனான், அவள் ஆட்டோடு இருந்தாள். எந்த விசேஷ போட்டோவிலும் இந்தக் குடும்பம் பாதிதான் விழும்.

இப்போது ரெண்டு பேரும் ஒரே வேனில் போகிறார்கள். ஏனென்றால் இப்போது ஆடு இல்லை.

பங்குனியில் ஒரு மழை பெய்தது. அறுத்துவிட்ட சோளத்தட்டை அந்த மழைக்குக் குருத்து விடும். பார்க்கப் பச்சைப்பசேலென்று ஆசையாக இருக்கும். ஆடு தின்றால் விஷம். அவர்கள் ஊரான இடைசெவலில் ஆடு பத்துகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். நல்லக்கண்ணுவுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். உடைமரத்து நிழலில் அரைமணி நேரம் கண்ணசந்துவிட்டான். முழித்துப் பார்த்தால் நாற்பத்தேழு ஆடும் பக்கத்துப் புஞ்சையில் வாயில் நுரையோடு கிடந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். தட்டில் போட்டதைத் தின்பான், அவ்வளவுதான். ரெண்டு தடவை கருக்கலில் ஊருக்கு மேற்கே சுவர் இல்லாத கிணற்றின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ரெண்டு தடவையும் வெயிலு போய்க் கூட்டி வந்தாள். "சும்மா காத்துக்கு" என்றான். கிணற்றுக்குள்ளே என்ன காத்து? அதிலிருந்து அவள் தன் முந்தானையை அவன் வேட்டி நுனியோடு முடிந்துகொண்டுதான் படுப்பாள்.

அவள் தங்கச்சி புருஷன் இசக்கிமுருகன் வேன் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்த்துக்கொண்டு ஊர் காட்டப் போவான்.

"மதினி, அண்ணாச்சியக் கூட்டிக்கிட்டு வாங்க. வல்லநாட்டுல மான், கூந்தன்குளத்துல பறவை, சாயந்திரம் தீம் பார்க்கு. அவிய சிரிக்கலேன்னா என் மீசைய எடுத்துருதேன்."

எடுக்கும்படி அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் தனியாக வீட்டில் விட்டுப் போக முடியாத ஆளைக் கூடவே கூட்டிப் போவதுதான் நல்லது என்று வெயிலு கிளம்பிவிட்டாள்.

வல்லநாட்டில் மான் வரவில்லை. வந்தவர்கள் வேறு வழியில்லாமல் கள்ளிச்செடியைப் போட்டோ எடுத்தார்கள். நல்லக்கண்ணு குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து விரலில் நசுக்கினான்.

"காலையில போட்டது. இதுகளுக்குத் தண்ணி பத்தல."

ஒரு மாசத்தில் அவன் முழுசாகப் பேசியது அதுதான்.

"எல்லாரும் மான் பாக்க வருவான். எங்க அண்ணாச்சி மான் புழுக்கை பாக்க வந்திருக்காவ!" என்றான் இசக்கிமுருகன். வேனே சிரித்தது. சிரிக்க வேண்டியவன் மட்டும் சிரிக்கவில்லை.

கூந்தன்குளத்தில் மரமெல்லாம் நாரை. வெயிலு ஒன்றைக்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. புருஷனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டு அவன் காலையே பார்த்தாள்.

"மதினி, பறவை மேல இருக்கு."

"எனக்குச் சோலி கீழதான்."

தீம் பார்க்கில்தான் தப்பு நடந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவள், இனி முடியாதென்று, "கண்ண எடுக்காதீய மாப்ளே" என்று இசக்கிமுருகனிடம் புருஷனை ஒப்படைத்துவிட்டுக் கக்கூஸுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது இசக்கிமுருகன் செல்போனில் தன்னையே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

அலையடிக்கிற தொட்டியில் பார்த்தாள். ஆழமான தொட்டியில் பார்த்தாள். அப்புறம் அண்ணாந்தாள். தண்ணியில் சறுக்குகிற கோபுரத்து உச்சியில், கலர் கலர் டவுசர்களுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டி.

நனைந்த இரும்புப் படி. முட்டு வலிக்காரி. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினாள். "ஆச்சி சறுக்கப் போறாங்க டோய்!" என்று எவனோ விசிலடித்தான்.

மேலே அவன் கம்பியைப் பிடித்து ஓரமாக நின்றான்.

"இங்கன என்ன செய்யுதீய?"

"குதிக்கலாம்னுதான் ஏறுனேன்." டீ குடிக்கலாம்னு என்பதுபோலச் சொன்னான்.

அவள் அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். "பொறவு?"

"வேட்டியோட வரக்கூடாதாம். டவுசர் போட்டுக்கிட்டு வந்து வரிசையில நிக்கணுமாம். இங்க காவலுக்கு நிக்கிற தம்பி மூணு வாட்டி சொல்லிட்டாரு. ஓரமா நில்லுங்கன்னாரு. நின்னேன்."

வெயிலுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்து முட்டிக்கொண்டதில், கடைசியில் விக்கல்தான் வெளியே வந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள். ஏறுகிற கூட்டம் ரெண்டு பக்கமும் இடித்தது.

"நான் தூங்கிட்டேன்டி."

"நானுந்தான் கிடையில எத்தனையோ நாள் தூங்கியிருக்கேன். அப்பல்லாம் மழை பெய்யல. அம்புட்டுத்தான்."

பாதிப்படியில் அவள் நின்றுவிட்டாள். மேலே போகிறவர்கள் கத்தினார்கள், அவள் நகரவில்லை.

"நாளைக்கு இருப்பீயளா?"

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"நாளைக்கு இருப்பேன்."

"நாளைக்கழிச்சு?"

"அத நாளைக்குக் கேளு."

மறுநாள் விடிந்ததும், பல்லுகூட விளக்காமல், கேட்டாள்.