மிளகுக் களத்தில் நாலுகாலில்

எங்கள் மலையில் சமதரை என்றால் மிளகு காயவைக்கிற சிமென்ட் களம்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். அதனால் என் முதுகுவலிக்கான உடற்பயிற்சி ஊரே பார்க்க நடக்கும்படி ஆகிவிட்டது.

கற்றுக்கொடுத்தவர் கீழே நாமக்கல்லில் இருக்கும் பிசியோதெரபிப் பெண். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்க வேண்டும். பிறகு நாலுகாலில் நின்று, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி, வயிற்றை லேசாக இறுக்கிக்கொண்டு ஆடாமல் இருக்க வேண்டும். "மூச்ச அடக்காதீங்கண்ணா, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எங்கே விட்டேன்? கூடவே உயிரும் போய்விடுமோ என்று பிடித்துவைத்திருந்தேன்.

"இனி காலு வெளங்காமப் போயிருங்களா?" என்று கேட்டேன்.

"நடந்துதானங்கண்ணா வந்தீங்க?" என்றார்.

அந்த நிம்மதி, மலையேறுகிற பஸ்ஸில் முதல் கொண்டை ஊசி வளைவு வரை இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். தை பிறந்தால் மிளகுப் பறிப்பு. மரத்தில் சாய்த்த, கணுக்களே படியான ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று பறிக்க வேண்டும். இந்தத் தடவை நானே ஏறுவேன் என்று மனைவியிடம் சவடால் விட்டிருந்தேன்.

தினமும் காலையில் களத்தில் நாலுகாலில் நிற்பேன். பக்கத்துத் தோட்டத்து மச்சான் வண்டியை நிறுத்திப் பார்ப்பார். எங்கள் மலையில் பத்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு.

"ஏனுங்க மாப்பிள்ளை, கை வாழவந்தி நாட்டுக்கு வழி காட்டுது, காலு குண்டூர் நாட்டக் காட்டுது. நாங்க எந்தப் பக்கம் போறதுங்க?"

"எங்கயாச்சும் போங்க மச்சான். போறப்ப என்னைய நிமுத்தி உட்டுட்டுப் போங்க."

விடிந்ததும் முதல் வேலை, கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்ப்பது. ஒருநாள் போர்வைக்கு வெளியே தெரிந்த விரல் எவ்வளவு ஆட்டியும் ஆடவில்லை. அலறிவிட்டேன்.

"ஏனுங்க, அது என்ர காலுங்க" என்றாள் மனைவி.

தை வந்தது. வலி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்து, முதல் கணுவில் கால் வைத்தேன். இரண்டாவதில் இடுப்பில் மின்னல் வெட்டியது. மூங்கிலைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

"புள்ள, நான் உழுகப் போறேன்!"

"தரை உங்க காலுக்குக் கீழ ஒரு முழம்கூட இல்லீங்க. கண்ணத் தொறங்க."

தோளைக் கொடுத்து இறக்கினாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சேலையை இழுத்துச் செருகி, என் தோளில் இருந்த மிளகுப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். அவளுக்கும் முழங்கால் வலி உண்டு. அதற்குப் பயிற்சி கேட்க அவள் எந்த பஸ்ஸும் ஏறியதில்லை.

நான் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் எட்டிப் பறிக்கும்போதெல்லாம் மூங்கிலின் ஆட்டம் என் இடுப்புக்குள் இறங்கியது. கையை விட்டு உட்கார்ந்தால் தேவலை. மேலே அவள் பாதம் மட்டும் இலைக்குள் தெரிந்தது. வயிற்றை இறுக்கிக்கொண்டு, ஆடாமல் நின்றேன்.

"ஏனுங்க, கீழ சத்தத்தையே காணோம். எதாச்சும் பேசுங்க."

மூங்கிலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"மூச்சு உட்டுட்டு இருக்கறேன்" என்றேன்.

அதுவும் பொய். சரிவு முழுக்க மரங்கள், அத்தனையிலும் கொடி. அவள் இன்னும் முதல் மரத்தில்தான் இருந்தாள்.