றஞ்சனியின் தாலிக்கொடி

எங்கள் முல்லைத்தீவுக் கரையில் றஞ்சனியைத் தெரியாத வீடு இல்லை. அவளுடைய தாலிக்கொடியில் எப்போதும் ஒரு கொத்துச் சேப்டிப்பின் தொங்கும். அவற்றோடு முள் எடுக்கும் சின்ன இடுக்கி, பெட்டிப் பூட்டுத் திறப்பு. செருப்பு வார் அறுந்த பிள்ளை, காலில் மீன்முள் ஏறியவர், பூசைக்குப் போகும் வழியில் சட்டைக் கொழுக்கி கழன்ற பெண் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். கை ஒருமுறை கழுத்துக்குப் போய்வந்தால் வேலை முடிந்துவிடும்.

கணவன் ஸ்ரீபனுக்கு அது பகிடி. இஞ்சின் பழுதானால் திருத்த உன்னையும் கடலுக்கு ஏற்றிப்போக வேணும் என்பான். மாமியார் புனிதத்துக்குத்தான் பொறுக்காது. தாலியில் இரும்பு கொழுவினால் புருஷனுக்கு ஆகாது என்று அவர் நம்பினார். சொல்லிச் சொல்லிக் களைத்தும் போனார். றஞ்சனி கேட்டுக்கொண்டே யாருடையவோ சட்டையைக் குத்திவிடுவாள்.

2009 மாசியில் மூவரும் சண்டையில் இடம்பெயர்ந்து, மாத்தளன் கடற்கரையில் ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தார்கள். காலையில் தண்ணீருக்குப் போன ஸ்ரீபனின் தொடையில் ஷெல் துண்டு பாய்ந்தது. றஞ்சனி சேலையைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, கொடியில் இருந்த இரண்டு சேப்டிப்பின்னைக் குத்தினாள். இரத்தம் அடங்கியது. காயக்காரரை ஏற்றும் கப்பல் பின்னேரம் வரும் என்றார்கள். அதுவரை தாங்கினால் போதும்.

புனிதம் அழுதபடி அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பிள்ளை, இப்பவாவது அந்த இரும்பைக் கழட்டு. எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்."

அன்றைக்குத்தான் றஞ்சனியும் பயந்தாள். கொடியில் மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் கழற்றிக் கடலுக்குள் எறிந்தாள்.

பின்னேரம் அவனைக் கரைக்குத் தூக்கிப் போகும்போது சனத்துக்குள் இடிபட்டுக் கட்டு அவிழ்ந்தது. குத்தியிருந்த பின்கள் மணலுக்குள் போய்விட்டன. நனைந்து கிழிந்த துணி முடிச்சுப் போட நீளம் காணாது. றஞ்சனி இரண்டு கையாலும் காயத்தைப் பொத்திப் பிடித்தாள். கப்பல் பிந்தியது. ஸ்ரீபன் அடங்கிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. புனிதம்தான் விரல்களை விலக்கிவிட்டார்.

"நீ என்ன செய்வாய் பிள்ளை. அவனைக் கொன்றது ஷெல்."

"அப்ப ஏன் மாமி கழட்டச் சொன்னனீங்கள்?"



பிறகு வவுனியா முகாமிலும் இருவரும் ஒரே கூடாரத்தில்தான் இருந்தார்கள். புனிதம் சமைத்துக் கொடுப்பார். றஞ்சனி சாப்பிட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பாள். பழைய பழக்கத்தில் யாராவது உதவி கேட்டு வந்தால், புனிதம் வாசலுக்கு எழும்பி வந்து, அவளைக் கேட்காதையுங்கோ என்று சொல்லி அனுப்பிவிடுவார்.