கச்சான் காற்றில் திறந்த எஞ்சின்

மெசின் திருத்துகிறவனுக்கு வாய்க்கிற முதல் தலையிடி, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடினது" என்று சொல்லிக்கொண்டு வருகிற சொந்தக்காரன். என்னைப் போல எண்ணெய்க் கையோடு சோறு தின்கிற மெக்கானிக்மாரான உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கடற்கரையில் ஒப்பரேசன்

வாகரையில் கரைவலை வைத்திருப்பவர் சவிரி அண்ணன். வலைக் கயிற்றை இழுக்க அவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய உழவு மெசின், அதாவது டிராக்டர், ஒன்று உண்டு. போன வருசம் கச்சான் என்கிற காய்ந்த மேல்காற்று அடிக்கிற காலத்தில் அது புகை தள்ளத் தொடங்கிவிட்டது. "கல்லடிக்கு, என் கராச்சுக்குக் கொண்டு வாங்க" என்றேன். மீன் படுகிற நேரம், மெசினைக் கரையை விட்டு அசைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நானும் ரோசக்காரன். சாமான் பெட்டியோடு போய், மணலில் படங்கு விரித்து, எஞ்சினை அங்கேயே பிரித்துப் புது பிஸ்டன் றிங் போட்டேன். இரண்டாம் நாள் மெசின் உறுமிற்று. சவிரி அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"தம்பி, இனி இது என்ட பேரன்ட காலத்துக்கும் ஓடும்!"

றிங் கடையில் சண்டை

மூன்றே கிழமை, இருபத்தொரு நாள்தான். திரும்பவும் நீலப் புகை, இழுக்கப் பலமில்லை. இருபது ஆட்கள் கையால் வலை இழுத்தார்கள். இப்படியே போனால் சீசன் முடிவதற்குள் பாதிப் பேர் வேறு வலைக்குப் போய்விடுவார்கள் என்று சவிரி அண்ணன் போனில் கத்தினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போலி றிங்தான் என்று முடிவு கட்டி, உதிரிப்பாகக் கடைக்குச் சண்டைக்குப் போனேன். கடைக்காரப் பெண் அசையவே இல்லை.

"அண்ணன், இதே றிங் போட்ட மெசின் களுதாவளைப் பக்கம் வயல் வட்டை உழுதுகொண்டு நிக்குது. போய்ப் பாத்திட்டு வந்து ஏசுங்க."

போய்ப் பார்த்தேன். துளிப் புகை இல்லை!

பாலைவனத்துத் தாங்கிகள்

பிறகு எனக்கு நித்திரை எங்கே? போனில் தேடப் போய், இரண்டாம் உலகப் போரில் பாலைவனத்துக்குப் போன பிரிட்டிஷ் யுத்தத் தாங்கிகள் பற்றிய படம் ஒன்று அகப்பட்டது. குண்டு படாமலே வழியில் நின்றவை எத்தனையோ! தண்ணிப் பம்ப் ஒழுகியிருக்கிறது. எயார் பில்டரையோ சங்கிலிச் சில்லு மணலை வாரி அடிக்கிற இடத்திலேயே பூட்டியிருக்கிறார்கள். அட, இதுதான் சங்கதி, பில்டர் வழியாகக் கடற்கரை மணல் போய்த்தான் றிங்கைத் தின்றிருக்கிறது என்று துள்ளி எழும்பி, வாகரைக்குப் பஸ் ஏறினேன்.

பில்டரைக் கழற்றினால், பிடிக்க வேண்டிய மணலையெல்லாம் அது ஒழுங்காகப் பிடித்து வைத்திருந்தது. அங்கிருந்து எஞ்சினுக்குப் போகிற றப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பும் இல்லை, உள்ளே மணலும் இல்லை. எட்டிப் பார்த்த சவிரி அண்ணன் கேட்டார்:

"மூக்கு சுத்தமா இரிக்கு. பிறகு நெஞ்சுக்குள்ள எப்பிடித் தம்பி மண் போன?"

மிச்சப் படம்

அடுத்த நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி மிச்சப் படத்தைப் பார்த்தேன். பாலைவனத்தில் தாங்கி திருத்திய கிழவர் ஒருவர் பேசினார். வெட்டவெளியில், காற்று அடிக்க அடிக்க எஞ்சினைத் திறந்தார்களாம். மணல் ஒட்டிய துணியால் பிஸ்டனைத் துடைத்தார்களாம். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். நான் றிங் போட்ட அன்றைக்கு வாகரையில் கச்சான் பேய்க்காற்றாய் அடித்தது. எண்ணெய் பூசிய பிஸ்டன்களைப் படங்கில் பரப்பி வைத்துவிட்டு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன். மணலை உள்ளே வைத்துப் பூட்டியவன் நான்தான். வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டில் என் மனுசியிடம் சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவியபடியே சொன்னாள்:

"இஞ்சேருங்க, நீங்க சொல்லாட்டி இது ஆருக்குத் தெரியும்?"

சொன்னது

ஒருவருக்கும் தெரியாதுதான். ஆனாலும் லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாகரைக்குப் போய், வலை இழுத்துக்கொண்டு நின்றவர்களுக்கு முன்னாலேயே சொன்னேன்: "அண்ணன், றிங்கும் பிழையில்ல, பில்டரும் பிழையில்ல. என்ட கைதான் பிழை." சவிரி அண்ணன் முகம் கறுத்துவிட்டது. கயிற்றில் தொங்கிய தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"நீ மறைச்சிருந்தா, றிங் போலியெண்டு அந்தக் கடைக்காரப் புள்ளையோட மல்லுக்கட்டியே சீசனைத் துலைச்சிருப்பன். நிண்டு முழுசாம மெசினை லொறியில ஏத்து!"

என் கராச்சில் காற்றுப் புகாமல் கதவைச் சாத்தி, வேர்த்து ஊற்றி மறுபடி கட்டிய அந்த எஞ்சின் இன்றைக்கும் வலை இழுக்கிறது; நானோ எந்த மெசின் பழுதாகி வந்தாலும் முதலில் என் கையைத்தான் சந்தேகப்படுகிறேன்.