அம்மா இருக்கும் குரூப்

காது கேளாத என் மகளுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்த ஞாயிறு, சர்ச்சில் எழுந்து நின்று கடவுளுக்கு நன்றியாகச் சாட்சி சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து பயப்படத் தொடங்கினேன்.

காருக்குள் ஓடும் வயர்களை நிறம் பார்த்துச் சேர்த்துக் கட்டுகிற வேலை. லைனில் அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். கைகளால் பேசும் பேச்சில் அவர்கள் எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பஸ் டிரைவரின் பெயர் மீசையை முறுக்கிக் காட்டுவது. என் பெயர், நேரமாச்சு நேரமாச்சு என்று மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே இருப்பது. நான் அவர்களை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அதற்குள் பெயர் வந்துவிட்டது.

எங்கள் வீடு படப்பையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய புது மனைப்பிரிவில் இருந்தது. கம்பெனி பஸ் ரோட்டோர டீக்கடை அருகே நிற்கும். எல்லோர் கைக்கும் டச் போன் வந்துகொண்டிருந்த சமயம் அது. பஸ்ஸில் போகிறவர்கள் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். டிரைவர் வண்டியை எடுப்பதற்கு முன் அதில் வாய்ஸ் போடுவார். அவருக்கு டைப் அடிக்க வராது, பேச நன்றாக வரும். மகளும் குரூப்பில் இருந்தாள். அந்த பஸ்ஸில் காது கேளாதவள் அவள் மட்டும்தான். அவளுக்கு அந்த வாய்ஸ் எல்லாம் ஒரு முக்கோணமும் ஒரு கோடும்தான். மற்றவர்கள் நகர்ந்தால் அவளும் நகர்வாள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ரோட்டை அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. ஒரு காலை டிரைவர் பேசினார்: "டீக்கடையாண்ட பள்ளம் தோண்டி வெச்சிக்கிறாங்கபா. எல்லாம் பெட்ரோல் பங்க்குக்கு வந்துடுங்க." கேட்டவர்கள் எல்லாம் வீட்டிலிருந்து நேராக பங்க்குக்குப் போய்விட்டார்கள். மகள் டீக்கடையில் தனியாக நின்றாள். பஸ் வரவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் வேலைக்கு லேட்டாகப் போவது அவளுக்குப் பிடிக்காது. ஒரகடம் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

டீக்கடைக்காரரிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன். என் பயங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். "இன்னாமா, உன் பொண்ணு லாரிங்க நடுவுல நடந்து போயிகினு கீது" என்று போன் செய்தார். ஷேர் ஆட்டோவில் ஏறி, வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போனேன். தூரத்தில் அவள் துப்பட்டா தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, அலறுகிற ஹாரனோடு. அவள் திரும்பவே இல்லை. லாரி கடைசி நேரத்தில் ஒடித்துப் போனது. துப்பட்டா காற்றில் எழும்பி அவள் முகத்தை மூடியது. அதை விலக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தவள், பின்னால் நான் ஓடி வருவதைக் கண்டு சிரித்தாள். இத்தனை வருஷம் கழித்தும் பெரிய ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் கிடையாது.

வேலையை விட்டுவிடு என்றேன். மாட்டேன் என்றாள். இரண்டு நாள் இதே சண்டை. கையால் சண்டை போடும்போது சாப்பிட முடியாது, தட்டில் சோறு காய்ந்து போகும். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன்: நான் அந்த குரூப்பில் இருப்பேன், வருகிற வாய்ஸை எல்லாம் எழுத்தாக அடித்துத் தருவேன். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ்.

டிரைவர் தயங்கினார். "சேத்துக்கறேன் மேடம். ஆனா குட்மார்னிங் ரோஜாப்பூ மட்டும் போடாதீங்க. ஏற்கெனவே மூணு பேர் போட்டுகினு கீறாங்க."

நான் ரோஜாப்பூ போடவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். ஒன்றையும் விடாமல் அடித்தேன். "பேருந்து புறப்படுகிறது. ஓட்டுநர் இருமுகிறார். பின்னால் ஒருவர் தமக்கு இட்லி வேண்டாம் என்கிறார்." ஒரு பையன் சினிமாப் பாட்டை இழுத்துப் பாடி அனுப்பினான். அதையும் வரிவரியாக அடித்து, ஒரு வரி தப்பு என்று கீழே குறிப்பும் எழுதினேன். மகள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணை உருட்டினாள். வேலை நன்றாக நடக்கிறது என்று எனக்குத் திருப்தி.

கொஞ்ச நாளில் குரூப் அடங்கிப்போனது. பாட்டு இல்லை, கிண்டல் இல்லை. பிள்ளைகள் பொறுப்பாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அடுத்த தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். மகளோடு அதே பஸ்ஸில் போகிறவள்.

"ஆன்ட்டி, அவ எங்க? பஸ்ஸு இன்னைக்கும் பங்க்குலதான் நிக்கி!"

"குரூப்பில் ஒன்றும் வரவில்லையே அம்மா?"

"வந்துச்சே, நீங்க பாக்கலியா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, அது வேற குரூப்புல்லா!"

"வேற குரூப்பா?"

"கோவப்படாதீக ஆன்ட்டி. நீங்க இருக்கீகன்னு பயலுவ வெக்கப்படுதானுவ. அதான் புதுசா ஒண்ணு தொடங்கிட்டானுவ. இவ ஒங்க கூடயே இருக்காளா, இவளச் சேக்க மறந்துட்டானுவ."

மகள் எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முழுதும் பிடிபட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை, என் மேல். "நீ இருக்கிற இடத்திலே யாரும் பேச மாட்டாங்க. அப்புறம் எனக்கு எது கேட்காம போச்சுன்னு எனக்கே தெரியாது" என்று கையால் சொன்னாள். அன்று அந்தப் பெண் அவளை இழுத்துக்கொண்டு ஓடி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். நான் வாசலில் நின்று என் போனைப் பார்த்தேன். என்னுடைய குரூப்பில் அன்று மூன்று ரோஜாப்பூ மட்டும் வந்திருந்தது.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் பேச்சுவார்த்தை. டிரைவர், தென்காசிப் பெண், மகள், நான்.

"வாய்ஸ் போட்டா பாப்பாவுக்குக் கேக்காது. டைப் அடின்னா எனக்கு வராது. நான் இன்னாதான் பண்றது?" என்றார் டிரைவர்.

மகள் தன் போனை எடுத்தாள். கடை வாசலைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள். நிற்கப்போகிற இடத்தின் படம், அவ்வளவுதான். பிறகு இரண்டு விரலைக் காட்டி, தென்காசிப் பெண்ணின் காதைத் தொட்டாள். படம் எடுக்க முடியாமல் வாய்ஸ் மட்டும் வந்தால், முதலில் கேட்கிறவர் இரண்டு வார்த்தை அடிக்க வேண்டும். பங்க், லேட் என்பது போல.

"அட, இவ்ளோதானா!" என்றார் டிரைவர். "வூட்ல காய் வாங்கச் சொன்னாலே நான் படம் எடுத்துத்தான் போடறேன், இந்தக் கத்திரிக்காயா அந்தக் கத்திரிக்காயான்னு."

"எனக்கும் இதாண்ணே வேணும்" என்றாள் தென்காசிப் பெண். "ரூம்ல நைட் ஷிப்ட் பிள்ளைக தூங்குது. வாய்ஸு வந்தா பாத்ரூமுக்குள்ள போயில்லா கேக்கேன்."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குள் மகள் என் பக்கம் திரும்பினாள். மணிக்கட்டைத் தட்டினாள், கட்டை விரலால் வாசலைக் காட்டினாள். அதை யாருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை. டிரைவர் டீயில் கண்ணைப் பதித்துக்கொண்டார்.

"அப்படியென்றால் நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டேன்.

"நான் சொல்றேன்" என்றாள் கையால். "எல்லாரையும் விட்டுட்டு நீ என்னைக் கேளு."

அங்கேயே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குரூப்பை விட்டு வெளியேறினேன். அன்று மாலைக்குள் பழைய குரூப்பில் பாட்டு திரும்பிவிட்டதாக மகள் சொன்னாள். பாடினவன் அதே வரியைத் தப்பாகப் பாடியிருக்கிறான். தென்காசிப் பெண் அடித்த இரண்டு வார்த்தை: "மறுபடி பாடுதான்."

வெளியேறினேனே தவிர, பயம் என்னை விட்டு வெளியேறவில்லை. சில வாரங்கள் கழித்து, வேலைக்கு அவள் கிளம்பின கொஞ்ச நேரத்தில் பால் வாங்குகிற சாக்கில் நானும் கிளம்பினேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு வருவதாக எண்ணம். டீக்கடையில் யாருமில்லை. மகளும் இல்லை. லாரிகள் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரகடம் பக்கமாக எட்டி எட்டிப் பார்த்தேன்.

"இன்னாமா இங்க நிக்கற?" என்றார் டீக்கடைக்காரர். "இன்னிக்கு பஸ் பங்க்கு கிட்டல்ல? எல்லாருக்கும் படம் வந்துச்சே. எனக்கே வந்துச்சு."

அவரையும் சேர்த்திருக்கிறார்கள்!

போன் அதிர்ந்தது. மகள் படம் அனுப்பியிருந்தாள். ஜன்னலோர சீட், பக்கத்தில் தென்காசிப் பெண்ணின் பாதி முகம், பல்லெல்லாம் தெரிய. கீழே இரண்டு வார்த்தை: "பஸ்ல இருக்கேன்." அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

"டீ குடி."

குடித்தேன். கண்ணாடி டம்ளர். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கொஞ்சம் சிந்தியது, அன்றைக்குக் கீழே போடவில்லை.