காருக்குப் போட்ட மாலை

சங்கரன்கோவிலில் பூ வியாபாரம் பார்க்கும் எனக்கு, மணிக்கணக்கில் விடாமல் ஓட்டும் கார் பந்தயத்தில் கடைசிவரை நின்று காட்ட வேண்டும் என்று ஒரு வெறி. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என் நண்பன் சேவியரும் நானும் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, பின்சீட், ஏசி எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்தோம்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் அம்மன் கோவிலில் பூஜை போட்டு, நானே நெருக்கமாகத் தொடுத்த மாலையை முன்கிரில்லில் கட்டினேன். சாமி மாலையைத் தானாக வாடும்வரை கழற்றாமல் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

வாசுதேவநல்லூர் போய்ச் சேருவதற்குள் காரில் இழுவை இல்லை. சூடு அதிகம் என்று காட்டி, காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரே வேகத்தை அடக்கியது. ஆறவிட்டு எடுத்தாலும் அதே கதைதான். ஆத்திரத்தில் கம்ப்யூட்டர் வயரை வெட்டக் கட்டரை எடுத்தேன்.

சேவியர் என் கையைப் பிடித்தான். "வெட்டாதலே. மாலையக் கழத்திப் பாப்பமா? டர்போ காத்தக் குளுர வைக்க இன்டர்கூலரு அதுக்குப் பின்னாலதான் இருக்கு. மாலை வெளிக்காத்து படாம மறைக்குது."

"இத ஏம்லே மொதல்லயே சொல்லல?"

"நான் வேதக்காரன். ஒங்க சாமி மாலையக் கழத்தச் சொன்னா நீ என்ன நெனப்பியோன்னு இருந்துட்டேன்."

நானே அவிழ்த்தேன். வெளிப்பக்கப் பூ அப்படியே இருந்தது. உள்பக்கம் வெந்து கறுத்திருந்தது. அதன்பின் கார் ஊர்வரை சளைக்கவில்லை.

சின்ன வயதிலிருந்து பழகியவனை இப்படித் தயங்க வைத்திருக்கிறேனே என்பதுதான் எனக்கு உறைத்தது.

பந்தயத்தன்று மாலையைப் பின்பக்கம் கட்டினேன். மறுமுனையைச் சேவியர் பிடித்துக்கொண்டான்.