சுவரில் நின்ற தூங்குமூஞ்சி மரம்

என் அக்காவின் கணவர் பெயிண்டர். ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கைபட்டதுதான். ஸ்கேல் வைக்க மாட்டார், நூல் பிடிக்க மாட்டார். ஏணியில் ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே இழுப்பு. கோடு சொன்ன இடத்தில் வந்து உட்காரும். நான் எதையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. என்னைப் போன்ற ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு உலகத்தில் எல்லாமே நகல்தான். ஆனால் அத்தான் எழுதும்போது மட்டும் கடையை அப்படியே போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

ஊரார் பெயரையெல்லாம் எழுதியவருக்குத் தன் பெயரை எழுத ஓர் இடம் வாய்க்கவில்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு. ஒருமுறை வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் அழகாக எழுதிப் பார்த்தார். "தொட்டி விக்கிறவர் பேருன்னு நெனச்சு எவனாவது வெலை கேட்டு வரப்போறான்" என்றாள் அக்கா. அன்றே அழித்துவிட்டார்.

அப்போதுதான் பசுமை வாரம் வந்தது. வருடம் முழுக்கக் குப்பையைக் கொளுத்தும் எங்கள் நகராட்சிக்கு அந்த ஒரு வாரம் மட்டும் இயற்கைமேல் பாசம் பொத்துக்கொண்டு வரும். என் கடைக்கு எதிரே இருக்கும் அவர்களுடைய நீளச் சுவரில் காடு வரையச் சொல்லி அத்தானைக் கூப்பிட்டார்கள். கடைசியில் அவர் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்று நகராட்சி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அத்தானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மாப்ள, பேரைக் கறுப்புல போடவா, செவப்புல போடவா?"

"மொதல்ல காட்டைப் போடுங்க அத்தான்."

அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் நிழல் சாலையைத் தாண்டி என் கடைப் படிவரை வரும். மாலையில் இலைகள் மூடிக்கொள்ளும் நேரத்தில் மைனாக்கள் கூட்டமாக வந்து இறங்கி, இருக்கைக்குச் சண்டை போடும். போனில் பேசுகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அத்தான் அந்த நிழலில் நின்றுதான் புலி வரைந்தார், மான் வரைந்தார், அருவி வரைந்தார். பெயருக்கு ஒதுக்கிய மூலையை மட்டும் மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்று மறைத்தது.

"சார், அந்தக் கெளையை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டா பேரு நல்லாத் தெரியும்" என்றார் மேற்பார்வையாளரிடம்.

அந்த மனிதர் சாலையின் இந்தப் பக்கம் வந்து, என் கடை வாசலில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கெளை என்னங்க? மரமே காட்டை மறைக்குதே!"

நல்ல ஜோக் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் காலை கடை திறக்க வந்தால், வாசலில் வெயில் சுளீரென்று அடித்தது. எதிரே மரம் இல்லை. அடிமரம் வெட்டிய இடத்தை மூடி, விருந்தினர் நின்று பேசுவதற்காகப் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்துக்கொண்டிருந்தார்கள். லாரியில் ஏற்றாமல் விட்ட சில கிளைத் துண்டுகள் ஓரமாகக் கிடந்தன. அத்தான் பெயிண்ட் டப்பாவோடு நடுச்சாலையில் நின்றார்.

"நான் கெளையைத்தானே சொன்னேன் மாப்ள."

அன்று மாலை மைனாக்கள் வழக்கம்போல வந்தன. மரம் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. மின்கம்பியிலும் என் பெயர்ப்பலகையிலும் முட்டி மோதி உட்கார்ந்தன. அத்தான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். அக்கா போன் செய்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் சுவரிலிருந்த புலி வெள்ளைப் பூச்சுக்குள் போய்விட்டது. அதற்கடுத்து மானும் அருவியும் போயின. அந்த இடத்தில் அத்தான் தூங்குமூஞ்சி மரத்தை வரைந்தார். அதே பருமன், அதே கோணல், அதே தாழ்ந்த கிளை. பார்த்து வரைய எதிரே ஒன்றும் இல்லை. எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பட்டையில் இருந்த வெடிப்பைப் பார்த்து நான் கையை வைத்துத் தடவினேன். சுவர்தான்.

அதோடு விடவில்லை. கிடந்த கிளைத் துண்டுகளைப் பொறுக்கி, வரைந்த கிளைகளின்மேல் வரிசையாகச் சுவரைத் துளைத்து, சிமெண்ட் வைத்து நட்டார்.

"யோவ், சுவத்தை ஏன்யா ஓட்டை போடுற?" என்று மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

யாரிடமும் எதிர்த்துப் பேசியே அறியாத அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மரம்னா கெளை இருக்கணும் சார்" என்றார்.

திறப்பு விழா மாலையில் நடந்தது. சிறப்பு விருந்தினர் பிளாஸ்டிக் புல்மேல் நின்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தபோது மைனாக்கள் வந்தன. ஒரு சுற்று வந்தன, இன்னொரு சுற்று வந்தன. ஒன்று மட்டும் சுவரை நோக்கி இறங்கி, ஒரு துண்டுக் கிளையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. பிறகு மொத்தக் கூட்டமும். வரைந்த மரம் முழுக்க உயிருள்ள பறவைகள், அதே சண்டை, அதே கத்தல். கூட்டம் முழுவதும் சுவர்ப் பக்கம் திரும்பியது. விருந்தினரே வாயடைத்துப் போனார்.

ஆனால் அது அதிக நேரம் நீடிக்கவில்லை. "பார்த்தீர்களா! நாம் ஒரு மரம் வரைந்தால் போதும், இயற்கையே நம்மைத் தேடி வருகிறது!" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. மைனாக்கள் ஒருமுறை எழும்பி மறுபடி உட்கார்ந்தன.

மேற்பார்வையாளர் பல்லெல்லாம் தெரிய, கறுப்பு டப்பாவையும் தூரிகையையும் அத்தான் கையில் திணித்தார். "பேரைப் போடுங்க, போட்டோ எடுக்கணும்."

அத்தான் மூலைக்குப் போனார். இப்போது அந்த இடத்தை எதுவும் மறைக்கவில்லை. சாலையின் எந்த முனையிலிருந்தும் தெரியும். தூரிகையைத் தோய்த்தார், மூச்சை அடக்கினார். கேமராக்காரர் குனிந்தார். அத்தான் அப்படியே நின்றார். பிறகு தூரிகையை டப்பாவிலேயே போட்டுவிட்டார்.

"இந்தப் பேரு தெரியணும்னுதான் சார் அந்த மரத்தை வெட்டினாங்க. இனிமே இதுல எழுத வேண்டாம்."

கூட்டம் கலையத் தொடங்கியது. அத்தான் சாலையைக் கடந்து என்னிடம் வந்தார்.

"மாப்ள, மேல ஒரு கெளை ஆடுது. காலைல மைனாங்க எழுந்து போகட்டும், வந்து ஏணியைப் பிடி."