அருமைநாயகம் திருப்பிப் பாடிய அடி

பாபநாசத்துக்கும் கடலுக்கும் இடையே தன்னைப் போலக் குரல் வேறு யாருக்கும் இல்லை என்பது பாளையங்கோட்டைப் பாட்டு உபாத்தியாயர் அருமைநாயகத்தின் விசுவாசப் பிரமாணம். மிஷன் கோவிலில் இருபத்திரண்டு வருஷமாகக் கீர்த்தனை நடத்தியவர் அவர். அவர் ஓர் அடி பாடி நிறுத்துவார். சபை அதைத் திருப்பிப் பாடும். அவர் பிசகினால் சபையும் அதே இடத்தில் பிசகும். அவ்வளவு பழக்கம்.

1911-இல் சீமை நாடகங்களில் பாடும் துரை ஒருவர், கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் பாதிரியார் பங்களாவில் தங்கினார். பள்ளிக்கூட மண்டபத்தில் கச்சேரி ஏற்பாடாயிற்று. மேல்ஸ்தாயியில் பாடப் பாதிரியாரின் மைத்துனி. பியானோ வாசிக்க மிஷன் டாக்டரம்மா. அருமைநாயகம் விடுவாரா? தனக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்று போய் நின்றார்.

"ஜனங்கள் சத்தமிடாதிருக்கும்படி நீர் பார்த்துக்கொள்ளும். அமைதி காக்கப்பட்டால் கடைசிப் பாட்டு உம்முடையது" என்றார் பாதிரியார், வேதாகமத் தமிழில். அச்சடித்த நிகழ்ச்சித் தாளின் கடைசி வரியில் அருமைநாயகத்தின் பெயரும் ஏறிவிட்டது.

மனுஷனுக்கு மூன்று நாள் தூக்கமில்லை. வீடு வீடாகப் போய் மிரட்டினார். கோவில் மணியடிக்கும் தேவதாசனைக்கூட விடவில்லை. "ஏலே, வெத்தல போட்டுட்டு வந்துராத. தும்மல் வந்தாலும் அடக்கிக்கிடணும், கேட்டியா?"

கச்சேரியன்று நானூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனியம்மா நிறுத்தாமல் ஒரே மூச்சாகப் பாடி முடித்தார். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் அருமைநாயகம் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு துரை எழுந்தார். மார்பில் கைவைத்து ஓர் அடி பாடினார். நிறுத்தினார்.

அடி முடிந்து இடைவெளி வந்தால் அருமைநாயகத்தின் வாய் அவரைக் கேட்காது. பாஷை தெரியாவிட்டால் என்ன? மெட்டுப் பிசகாமல் அந்த அடியைத் திருப்பிப் பாடினார். அவர் பாடியபின் சபை சும்மா இருக்குமா? நானூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். டாக்டரம்மாவின் கை பியானோமேல் அப்படியே நின்றது. துரை நல்லவர், சிரித்துவிட்டு அடுத்த அடியைப் பாடினார். அதையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

பாதிரியார் முன்வரிசைக்கு வந்தார். அருமைநாயகத்தின் கையிலிருந்த தாளை வாங்கி, கடைசி வரியைப் பேனாவால் அடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. "ஊரு வாயெல்லாம் பொத்திட்டு வந்திய. ஒங்க வாய மறந்துட்டியளே" என்றாள் மனைவி சாலோமி, பைய.

அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். பெயர்மேல் கோடு எதற்கு என்று கேட்பவர்களிடம், "முக்கியமான பேருக்கு அடிக்கோடு போடுவாங்கல்லா? பாதிரி ஐயருக்குக் கை கொஞ்சம் மேல போயிட்டு வே" என்பார். அவர்கள் சிரிக்க, அவரும் சிரிப்பார். அன்றைக்குப் பாட வைத்திருந்தது என்ன பாட்டு என்று மட்டும் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.